வில்லனுக்கு மட்டும் ஏன் தொந்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புனேயை அடுத்த தேஹு ரோடில், ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சூர்யநாராயணன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் ஓவியரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓவியர் ஒல்லியானவர் என்றும் நினைக்கிறேன்.

தங்கள் சிறுவர் இதழின் படக்கதையில் தொந்தி பூபதி என்ற வில்லன் ஒரு விஞ்ஞானியைக் கடத்துகிறான். முந்தைய கதையில் வங்கியைக் கொள்ளையடித்தவனும் குண்டு, அதற்கு முன் அணையை உடைத்தவனும் குண்டு. கதாநாயகனுக்கோ வயிறு இருக்கிற இடமே தெரியவில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன் சார். ஆனால் கீழ்வீட்டு ஸ்ரீவித்யாவின் மகள் சஹானாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, படம் மட்டும் பார்ப்பாள். மே மாதம் லிஃப்டில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், அந்த சயின்டிஸ்டை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "எந்த சயின்டிஸ்ட்மா?" என்றேன். "சச் போலோ அங்கிள்", உண்மையைச் சொல்லுங்கள் என்று இந்தியில் மிரட்டினாள். பக்கத்தில் நின்ற மராட்டி அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் பால் வாங்கப் போனால் தூணுக்குப் பின்னால் நாலைந்து தலைகள் தெரிந்தன. மொட்டைமாடியில் என் மனைவி ஆனந்தவல்லி வடாம் பிழிந்து மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். விஞ்ஞானி அதற்கடியில்தான் படுத்திருக்கிறார் என்று குழந்தைகள் துணியை உருவிவிட்டு ஓட, மிச்சத்தைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன. "நீங்க கொஞ்சம் இளைச்சிருந்தா என் வடாம் பொழச்சிருக்கும்" என்றாள் ஆனந்தவல்லி. கண்ணாடி முன் நின்று, இந்த வயிறு யாருக்கு என்ன கெடுதல் செய்தது என்று யோசித்தேன்.

பிறகு கணபதி விழா வந்தது. "அங்கிள், டிராமா போடறோம், நீங்கதான் வில்லன். காஸ்ட்யூம் வேண்டாம், இப்படியே வாங்க" என்றாள் சஹானா. மேடையில் ஏறி, 'குண்டானவர்களும் நல்லவர்களே, இதோ பின்னால் என்னைவிடப் பெரிய வயிற்றோடு உட்கார்ந்திருப்பவருக்குத்தானே ஊரே மோதகம் படைக்கிறது' என்று பேசிவிடுவதென்று தீர்மானித்து ஒப்புக்கொண்டேன். பேசுவதற்காகத் தொண்டையைக் கனைத்தேன். மைக்கில் அது இடியாக விழுந்தது. முன்வரிசைக் குழந்தைகள் ஆனந்தமாக வீறிட்டார்கள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. கதாநாயகனாக வந்த மூன்றாம் மாடி ராம்பிரசாத், மாரத்தான் ஓடுகிறவர், வசனத்தை மறந்து பின்வாங்கிப் பின்வாங்கிப் பந்தலுக்கு வெளியே போய்விட்டார். விஞ்ஞானி வேஷத்தில் கட்டிப்போட்டிருந்த ஸ்ரீவித்யாவைக் கடைசியில் நானே அவிழ்த்துவிட வேண்டியதாயிற்று. கூட்டம் "ஒன்ஸ் மோர்" என்றது.

இருந்தாலும் நியாயம் நியாயம்தான். அடுத்த வில்லனையாவது ஒல்லியாக வரையச் சொல்லுங்கள். தாங்களும் குடும்பத்தாரும் வேளைக்கு வயிறாரச் சாப்பிட்டு, யாரும் கண்டு மிரளாத உருவத்தோடு நீடூழி வாழப் பிரார்த்திக்கும்,

சூர்யநாராயணன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பக்கத்து ஊரான தளேகாவிலிருந்து ஒரு நாடகக் குழுவினர் வந்தார்கள். அவர்கள் ஊரிலும் வில்லனாக நான்தான் வேண்டுமாம். ஒல்லி வில்லன் வந்துவிட்டால் ராம்பிரசாத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆகவே மேலே எழுதியதைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிட்டு, பூபதியை இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கச் சொல்லவும். ஆனந்தவல்லி அடுப்படியில் பூரண்போளி தட்டிக்கொண்டிருக்கிறாள். "வாக்கு குடுத்தாச்சு, இனிமே இளைச்சுடாதீங்க" என்கிறாள்.