கூட்டுவண்டி அங்கிளின் பிரியாணி

மன்ஹாட்டனுக்குப் பக்கத்து ஊரான ஐசலினில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவைத் திருத்தக் கிளம்பிய ஒரே மனிதர் எங்கள் கூட்டுவண்டி அங்கிள்தான். 2003 வாக்கில் நாங்கள் இருவரும் ஐரோப்பியச் சரக்கு நிறுவனம் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். லாரி கொஞ்ச தூரம், மிச்சமெல்லாம் ரயில் அல்லது படகு; இந்தக் கூட்டுப் போக்குவரத்துதான் அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது. இதற்கான ஐரோப்பிய விதிகளைப் படித்த அங்கிள் கொதித்துப்போனார்.

“வண்டி மாறுற இடமெல்லாம் பேப்பர்ல முத்திரை கேட்டா லாரிக்காரன் ரயில் பக்கம் வருவானா தம்பி?”

அந்த விதிகளைப் போடுகிற பிரஸ்ஸல்ஸுக்குப் பதினோரு கடிதம் போட்டார். ‘கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி பதில் வந்தது. அதை லேமினேட் பண்ணி மேஜையில் வைத்துக்கொண்டார்.

வீட்டிலும் அதே கொள்கைதான். காரில் ஸ்டேஷன், ரயிலில் கடை. “இவரோட மளிகைக்குப் போனா கொத்தமல்லி வழியிலேயே வாடிடும்” என்பார் ஆன்ட்டி.

என் தங்கையின் நிக்காஹ் மன்ஹாட்டனில், வெள்ளிக்கிழமை மதியம். பிரியாணி ஐசலினிலிருந்து போக வேண்டும். அது என் பொறுப்பு. சூடு ஆறாமலிருக்கப் பத்து கூலர் பெட்டிகளில் அடைத்திருந்தோம்.

“வேனை மட்டும் நம்பாதீங்க. ரெண்டு கூலர் எங்கிட்ட குடுங்க” என்றார். தொல்லை விட்டால் போதுமென்று கொடுத்தேன். மிச்ச எட்டு கூலரோடு வேனில் கிளம்பினேன்.

மன்ஹாட்டனுக்கு ஆற்றுக்கடியில் போகும் சுரங்கப்பாதைக்குள் ஏதோ விபத்து. இரண்டு மணி நேரம் வேன் அசையவில்லை. செல்போனில் தங்கை அழுதாள். “அண்ணே, மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் வாட்ச்சையே பாக்குறாங்க. மானம் போகுது!” வேனையே நம்பிய என் தலைக்கனத்தால் அவள் கல்யாணம் கெட்டதே என்று எனக்கும் அழுகை வந்தது.

அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். “அங்கிள் வந்துட்டாரு! ரயில் மாறி, ஹோபோக்கன்ல ஃபெர்ரி படகு ஏறி ஆத்தைத் தாண்டி வந்தாராம். ஆனா கூலரைத் தொறக்க மாட்டேங்குறாரு.”

“ஏனாம்?”

“சரக்கு வந்து சேர்ந்துச்சுன்னு அவரு கொண்டுவந்த பேப்பர்ல என் மாமனார் கையெழுத்து போடணுமாம்!”

போனை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினேன். “அங்கிள், இந்தப் பேப்பரை ஒழிக்கணும்னு பிரஸ்ஸல்ஸுக்கு எழுதினதே நீங்கதானே?”

“ஒழிக்கிற வரைக்கும் சட்டம் சட்டம்தானே தம்பி?”

தங்கையின் மாமனார் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். முதல் பந்தி ஆவி பறக்க நடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கிள் மட்டும் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தக் காகிதம். படகுக்காரர்கூடக் கையெழுத்துப் போட்டிருந்தார். ‘சரக்கின் நிலை: சூடு.’

“சாப்பிடலையா அங்கிள்?”

“மிச்ச எட்டு கூலர் வரலையே தம்பி. உங்களை வழியில விட்டுட்டு நான் எப்படிச் சாப்பிடுறது?”