கரண்டிக்குப் பின்னால்

"மனித இனத்துல ரெண்டே வகைதான். வழி தெரிஞ்சு நடக்கிறவன் ஒரு வகை. முன்னால போறவன் முதுகைப் பார்த்து நடக்கிறவன் இன்னொரு வகை. நாகரிகத்தை உண்டாக்கினது முதல் வகை. ரெண்டாவது வகை அதைச் சுத்திப் பார்க்க டிக்கெட் வாங்கிட்டு வருது."

பழைய சந்தை நகரத்தின் கல் வளைவுக்குக் கீழே, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, திசைகாட்டி இதை முழு மனதோடு அறிவித்தார். அறிவித்துவிட்டுத் திரும்பினார். மனைவி நின்றுகொண்டிருந்தாள். மாமியாரைக் காணவில்லை.

திசைகாட்டி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். நில அளவைத் துறையில் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் யாரிடமும் வழி கேட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். கேட்டதில்லை என்பது உண்மைதான். போய்ச் சேர்ந்தாரா என்று யாரும் விசாரித்ததில்லை. அது கேலிப் பெயர் என்பது அலுவலகத்தில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"அம்மா எங்கங்க?" என்றாள் மனைவி.

"இங்கதானே இருந்தாங்க."

"நீங்க நாகரிகத்தை உண்டாக்கிட்டு இருந்தப்போ இருந்தாங்க."

"பதறாத. போன் பண்ணு."

மனைவி போன் செய்தாள். மாமியாரின் போன் திசைகாட்டியின் தோள்பையிலிருந்து மணியடித்தது. ஊர் பார்க்கும்போது போன் கவனத்தைக் கெடுக்கும் என்று காலையில் அவரே வாங்கி வைத்தது. இருவரும் அது ஓயும்வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

விஷயம் சாதாரணமில்லை. மாமியாரை மகள் வீட்டுக்கு அனுப்புவதற்கே மச்சான் பல வருடம் யோசித்தவர். கடைசியில் ஒரு வாரத்துக்கு அனுப்பி வைத்தபோதும், "மாப்பிள்ளை, உங்களை நம்பி ஒரு பூனைக்குட்டியைக்கூட விட மாட்டேன். அம்மா ஆசைப்படுறாங்களேன்னுதான்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். இன்று மாலை பஸ் ஊர் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து அம்மாவை அழைத்துப்போவார். அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை என்றால், அடுத்த முறை என்று ஒன்று கிடையாது.

"சாப்பாட்டுத் தெருவுல பாக்கலாம்ங்க" என்றாள் மனைவி.

இந்த ஊருக்கு ஜனங்கள் வருவதே சாப்பிடவும் வாங்கவும்தான். துணிக்கு ஒரு தெரு, பாத்திரத்துக்கு ஒரு தெரு. நடுவில் சாப்பாட்டுக்கென்றே ஒரு முழுத் தெரு. வளைவுவரை வாசனை வந்து ஆளைக் கூப்பிடும். ஆனால் திசைகாட்டி டிபன் டப்பாவோடு வந்திருந்தார். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது, சந்தையில் விற்பதெல்லாம் வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், இங்கே பார்க்க வேண்டியது தெருக்களின் அமைப்பு மட்டுமே என்று பஸ்ஸிலேயே விளக்கியிருந்தார். மாமியார் மறுப்பேதும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்.

"அங்க போக மாட்டாங்க. டப்பாவுல சாப்பாடு இருக்குன்னு நான்தான் சொல்லிட்டேனே."

"அப்போ யாரையாவது கேளுங்க. அதோ, குடைக்காரப் பொண்ணு போறா பாருங்க."

மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஒரு வழிகாட்டிப் பெண் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு போனது. காலையில் மாமியார்கூட, "அந்தக் குடை பின்னால போலாமா மாப்பிள்ளை? எந்தக் கடையில எது நல்லா இருக்கும்னு சொல்லுவாளாம்" என்று கேட்டிருந்தார். திசைகாட்டியின் சொற்பொழிவு அதற்கான பதில்தான்.

"கேக்க வேண்டியதில்ல. நாம தேடுறதைவிட அவங்க நம்மளைப் பாக்கிற மாதிரி செய்யணும். இது அடிப்படை அளவை முறை. உயரமா ஒரு குறி வேணும்."

பாத்திரத் தெருவில் முதல் கடையிலேயே குறி கிடைத்தது. அண்டாவில் கிளறுவதற்கான கரண்டி. காம்பு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. தலை பளபளவென்று மின்னியது.

"எத்தனை பேருக்குச் சார் சமையல்?" என்றார் கடைக்காரர்.

"சமையலுக்கு இல்ல. மாமியாருக்கு."

கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். "அதுக்கெல்லாம் எங்க கடைப் பொருளைத் தர்றதில்ல சார்."

மனைவி நடுவில் புகுந்து விளக்கம் சொல்லி, கரண்டியை வாங்கிக் கொடுத்தாள். திசைகாட்டி அதை இரு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வெயில் பட்டு அது ஊருக்கே தெரிந்தது. மாமியார் எங்கிருந்தாலும் பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

மாமியார் வரவில்லை. ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள்.

"சார், நீங்கதானே?" என்றான் கணவன்.

"நான்தான்" என்றார் திசைகாட்டி. இந்தக் கேள்விக்கு அவர் வாழ்நாளில் வேறு பதில் சொன்னதில்லை.

"உங்களைப் பத்தி ரொம்ப உயர்வா சொன்னாங்க சார்."

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. பாராட்டு வந்தால் மூலத்தை ஆராயும் பழக்கம் அவருக்கு இல்லை.

"இந்தச் சுவர் ஏன் சார் இப்படிக் கோணலா இருக்கு?" என்றாள் மணப்பெண்.

தெரியாது என்ற சொல் அவர் சர்வீஸில் இதுவரை வாயிலிருந்து வந்ததில்லை. "அது வந்து, எல்லைத் தகராறு. கட்டினவனுக்கும் பக்கத்து இடத்துக்காரனுக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு. பாதிச் சுவர் ஒருத்தன் சொன்ன கோட்டுல, மீதி இன்னொருத்தன் சொன்ன கோட்டுல."

தம்பதி அசந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். அதற்குள் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அதன்பின் ஓலைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர் வந்தார். கையில் பாதி தின்ற சோளக் கதிர். தெருமுனை திரும்புவதற்குள் கரண்டிக்குப் பின்னால் ஒரு வால் முளைத்திருந்தது.

"என்னங்க, எல்லாரும் நம்ம பின்னாலயே வர்றாங்க."

"ரெண்டாவது வகை. கண்டுக்காத."

கண்டுகொள்ளாமல் வேகமாக நடந்தார். கூட்டமும் வேகமாக நடந்தது. ஓடினார். ஓடியது. தொப்பிக்காரர் மட்டும் பின்னாலிருந்து, "மெதுவா தலைவரே, மூட்டு வலி" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டு, என்ன விசேஷம் என்று மேலும் சிலர் சேர்ந்துகொண்டார்கள்.

கரண்டியை இறக்கிவிட்டால் கூட்டம் கலையும். ஆனால் மாமியார் எப்படிக் கண்டுபிடிப்பார்? எனவே கரண்டியும் இறங்கவில்லை, கூட்டமும் கலையவில்லை.

இந்த நேரத்தில் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஒருவேளை மாமியார் வேடிக்கை பார்க்கவாவது சாப்பாட்டுத் தெருப் பக்கம் போயிருப்பாரோ? அந்தப் பக்கம் திரும்பினார்.

"சார் நின்னுட்டார். யாராவது கேள்வி கேளுங்கப்பா" என்றார் தொப்பிக்காரர்.

"சார், இந்தப் பக்கம் இருக்கிற மணிக்கூண்டு ஏன் ஓடல?" என்று எதிர்த் திசையைக் காட்டி ஒருவர் கேட்டார்.

பதில் சொல்லாமல் போவது படித்தவனுக்கு அழகல்ல. மணிக்கூண்டுக்குப் போய், அது ஏன் ஓடவில்லை என்பதற்கு மூன்று காரணம் சொன்னார். மூன்றையும் அங்கேயே நின்று யோசித்தார். மறுபடி சாப்பாட்டுத் தெருப் பக்கம் திரும்பினார். உடனே யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடிக்க, அது பாத்திரத் தெரு ஏன் வளைந்து போகிறது என்று கேட்டது. நல்ல கேள்வி. அவருடைய துறைக்குள் வரும் கேள்வி. பாத்திரத் தெருவின் இன்னொரு முனைவரை போக வேண்டியதாயிற்று.

"எங்க அம்மாவைத் தேடுறோமா, ஊருக்குப் பட்டா எழுதுறோமா?" என்றாள் மனைவி.

"இரு. இவங்களைக் கழட்டி விட எனக்கு வழி தெரியும்."

ஒரு கல் படியில் ஏறி நின்று, எல்லைக் கல் நடும்போது கவனிக்க வேண்டியவை என்ற தலைப்பில் பேச ஆரம்பித்தார். அலுவலகத்தில் இந்தத் தலைப்பை எடுத்தால் நாற்காலிகள்தான் மிஞ்சும். எல்லோரும் டீக்குப் போய்விடுவார்கள். இங்கே கை தட்டினார்கள். ஒரு தாய் தன் பையனின் தலையைத் திருப்பி, "நல்லா பாத்துக்கோ. படிச்சா நீயும் இப்படி ஆகலாம்" என்றாள். பையன் கரண்டியைப் பார்த்துவிட்டு அழுதான்.

அப்போது மச்சான் போன் செய்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒரே கைதட்டலா கேக்குது?"

"ஒண்ணுமில்ல மச்சான். சும்மா பேசிட்டிருந்தேன்."

"நீங்க பேசினதுக்கா?" என்றார் மச்சான் நம்பாமல். "அம்மாகிட்ட குடுங்க."

மனைவி போனைப் பிடுங்கினாள். "அண்ணா, அம்மா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. வாய் நிறைய இருக்கு. அப்புறம் பேசச் சொல்றேன்." வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் எங்க அண்ணன்கிட்ட நான் சொல்ற முதல் பொய் இது."

கடைசி முயற்சியாக, திசைகாட்டி ஆள் நடமாட்டமே இல்லாத சந்து ஒன்றில் திடீரென்று நுழைந்தார். சந்து குறுகிக்கொண்டே போய் ஒரு முற்றத்தில் முடிந்தது. அங்கே ஓர் அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி உள்ளே வந்தது. அதன் பின்னால் கூட்டம் முழுவதும் உள்ளே வந்து, பின்னால் இடமில்லாததால் நன்றாக நெருங்கி நின்றது.

"யாரு நீங்கெல்லாம்?" என்றார் அந்த அம்மாள், கையில் ஈரத் தலையணை உறையோடு.

"வரலாறு பாக்க வந்திருக்கோம்மா" என்றார் தொப்பிக்காரர்.

"இது எங்க வீடு."

"அந்தக் கதவு எந்தக் காலத்துது சார்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது குளியலறை. உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்கார்."

இரண்டு பேர் அந்தக் கதவைப் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து, "யாருடி வந்திருக்கறது?" என்று ஒரு குரல் கேட்டது. திசைகாட்டி மன்னிப்புக் கேட்டு, கூட்டத்தைப் பின்பக்கமாக நடக்க வைத்து, சந்தின் வழியே வெளியே கொண்டு வந்தார். வெளியே வந்த இடம் உள்ளே நுழைந்த இடமாகத் தெரியவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிக் கடைகள், ஒரே மாதிரி வளைவுகள். வெயில் சாய்ந்துவிட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் மனைவி. "எங்க அம்மா முன்னப்பின்ன தெரியாத ஊருல, கையில போன்கூட இல்லாம எங்க நிக்கிறாங்களோ. பஸ் ஸ்டாண்டுக்காவது வந்திருப்பாங்க. எந்தப் பக்கம் போகணும்?"

திசைகாட்டி வாயைத் திறந்தார். கூட்டம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. வாய் திறந்தபடியே இருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் மஞ்சள் குடை தெரிந்தது. வழிகாட்டிப் பெண், "பஸ் ஸ்டாண்டுக்குப் போறவங்க என் பின்னாலயே வாங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

திசைகாட்டி கரண்டியை மெல்ல இறக்கினார். காம்பைத் தரையில் படாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். யாரையும் பார்க்காமல் போய், குடைக் கூட்டத்தின் கடைசியில், கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒரு பருத்த மனிதரின் பின்னால் நின்றார். அந்த முதுகு நகர்ந்தது. இவரும் நகர்ந்தார். அது இடப்பக்கம் திரும்பியது. இவரும் திரும்பினார். செருப்பைச் சரிசெய்ய அது நின்றபோது, இவரும் நின்று காத்திருந்தார்.

மனைவி, 'ரெண்டாவது வகை' என்று சொல்லாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் கூட்டத்தின் முன்னாலிருந்து, இரண்டு தோள்களிலும் பைகள் தொங்க, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்க, ஓர் உருவம் பின்தங்கிப் பின்தங்கி அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

"அம்மா" என்று மனைவி கட்டிக்கொண்டாள்.

"அத்தை, எங்க போயிட்டீங்க? ஊரையே சலிச்சிட்டோம்" என்றார் திசைகாட்டி. உயிர் வந்த குரல்.

மாமியார் அவசரமில்லாமல் மென்று விழுங்கினார். "நான் எங்க மாப்பிள்ளை போனேன்? நீங்கதான் பெரிய கூட்டத்தோட போயிட்டே இருந்தீங்க. பாக்கவே பெருமையா இருந்துச்சு. என்னைப் பாக்காதீங்க, முன்னால முதுகைப் பாருங்க. விட்டுட்டா வழி தப்பிடும்."

திசைகாட்டி கட்டம் போட்ட முதுகைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கூட்டம் தானாச் சேர்ந்துடுச்சு அத்தை. விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு ஜனங்களுக்கு எப்படியோ தெரிஞ்சிடுது."

அதற்குள் ஓலைத் தொப்பிக்காரர் மூச்சு வாங்க ஓடிவந்து மாமியாரின் முன் நின்றார்.

"அம்மா, நீங்க சொன்ன மாதிரியே கேள்வி மேல கேள்வி கேட்டு, சாரைச் சாப்பாட்டுத் தெருப் பக்கமே திரும்ப விடல. எல்லாக் கடையிலயும் நிம்மதியா சாப்பிட்டு முடிச்சீங்களா?"