ஏற்பாட்டுச் செலவு

வக்கீல் பிராதர் அனுப்பிய கணக்கைப் படிக்கப் படிக்க ஒடீலுக்குக் கழுத்து வலி திரும்ப வந்தது. கரும்பு லாரி பின்னால் வந்து இடித்ததில் அவளுடைய சாப்பாட்டு வேன் அப்பளமாய் நொறுங்கியிருந்தது. லாரிக்காரனின் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு என்று அவளே கையெழுத்துப் போட்டவள்தான். அதில் தகராறு இல்லை. ஆனால் அதற்குக் கீழே ‘செலவுகள்’ என்று ஒரு வால் நீண்டது. டாக்டர் சான்றிதழ், நகல், தபால், கடைசியில் ‘ஏற்பாட்டுச் செலவு, இரண்டாயிரம் டாலர்’.

“என்ன ஏற்பாடு? எனக்குக் கல்யாணமா பண்ணி வெச்சாரு?” என்று கணவனிடம் கேட்டாள்.

எல்டன் காபியை ஊதினான். “வக்கீல்னா நாலு செலவு இருக்கும்மா. நல்ல மனுஷன்னுதானே உன்னை அவர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். விட்டுத் தொலை.”

விட்டுத் தொலைக்கிற ரகமில்லை ஒடீல். ஆற்றுச் சிங்கி விற்பனை சூடுபிடிக்கும் சீசன் தொடங்குவதற்குள் பழைய வேன் ஒன்றை வாங்கியாக வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மார்டி கிரா திருவிழா வரை தன் வேனை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். வேன் கைநழுவினால் மறுபடி இறால் கம்பெனியில் தோலுரிக்கப் போக வேண்டியதுதான். அந்த நாற்றத்தை அவள் ஏழு ஜென்மத்துக்கும் முகர்ந்தாயிற்று.

வக்கீலுக்குப் போன் போட்டாள். நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் குத்துச்சண்டைக் கையுறையோடு முறைக்கும் மனிதர், போனில் வெண்ணெயாகப் பேசினார். எந்தத் தொகைக்கு ஆட்சேபம் சொல்கிறாளோ அதைத் தனிக் கணக்கில் முடக்கி வைப்பதுதான் சட்டம் என்றார்.

“அப்ப மொத்தக் கணக்கையுமே நான் ஒத்துக்கல,” என்றாள் ஒடீல் வீறாப்பாக.

மொத்தப் பணமும் முடங்கியது.

வக்கீலைச் சமாளிக்க இன்னொரு வக்கீலிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீட்டுத் தருவதில் மூன்றில் ஒரு பங்கும் ‘இதர செலவுகளும்’ தமக்கு என்றார். ஒடீல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். உட்கார்ந்திருந்த நேரத்துக்குப் பில் மறுவாரம் தபாலில் வந்து சேர்ந்தது.

இனி யாரும் வேண்டாம், நானே வாதாடுகிறேன் என்று வக்கீல் சங்கத்தின் கட்டணத் தகராறுக் குழுவுக்கு எழுதிப் போட்டாள். விசாரணைத் தேதியோ திருவிழாவுக்குப் பிறகு வந்தது. அதுவரை காத்திருக்க வேன்காரர் முன்பணம் கேட்டார். எல்டனின் மீன்பிடிப் படகை அடகு வைத்து அதைக் கட்டினாள்.

படகுக்காக எல்டன் மூச்சு விடவில்லை. விசாரணைக்கு மட்டும் போகாதே என்று கெஞ்சினான். ராத்தூக்கத்தில்கூட அதையே உளறினான். என் உடம்புக்கு ஆகாதென்று இந்த மனுஷன் எப்படித் தவிக்கிறான் என்று ஒடீலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அவனுக்காகவாவது ஜெயிக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

குழுவில் மூன்று பேர். மற்ற செலவுக்கெல்லாம் பிராதர் ரசீதோடு பதில் சொன்னார். இரண்டாயிரத்துக்கு வந்ததும் இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி இருமினார்.

“இதை எதுக்குச் செலவு பண்ணீங்க?” என்று நடுவில் இருந்த அம்மாள் கேட்டார்.

“அதை இங்க சொல்றது சரியா இருக்காதுங்க.”

“சொல்ல முடியாத செலவை வசூல் பண்ணவும் முடியாது.”

இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடு, மீதிக் கணக்கு சரி என்று தீர்ப்பானது. ஒடீல் இருந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். சொந்த வாயால் ஒரு வக்கீலை ஜெயித்தவள் அவர்கள் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்?

காசோலை வாங்கப் போகும்போது, வர மாட்டேன் என்ற எல்டனையும் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். வெற்றியில் அவனுக்கும் பங்கு வேண்டாமா? வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் சிரித்த முகத்தோடு உறையை நீட்டினாள். ஒடீல் பிரித்துப் பார்த்தாள். இரண்டாயிரம் குறைந்தது.

“அது மட்டும் எங்க?” என்று மேசையைத் தட்டினாள்.

அந்தப் பெண் எல்டன் பக்கம் திரும்பினாள். “சார், அடிபட்டவங்களை இங்க கூட்டிட்டு வர்றதுக்குத் தர்ற கமிஷன் அது. இவங்களைக் கூட்டிட்டு வந்ததுக்கு நீங்கதானே வாங்கினீங்க, வீட்டுக்குப் போய் நீங்களே அவங்க கையில கொடுத்துடச் சொன்னார் ஐயா.”