எதிர் நாற்காலி மூக்கு

"காப்பியில ரப்பர் எரிஞ்ச வாடை அடிக்குது" என்று ஜாஸ்பர் டம்ளரைத் தள்ளி வைத்தான்.

அவன் மனைவி ஜாய்ஸ் மோந்து பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

அவளை அவன் நம்பவில்லை. காப்பித்தூளை மாற்றினான். பால்காரரை மாற்றினான். பாத்திரத்தையும் மாற்றினான். ரப்பர் மட்டும் மாறவில்லை.

காப்பியோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பான். அவன் ஏலக்காய் வியாபாரி. போடி ஏலக்கூடத்தில் மாதிரித் தட்டு கைக்கு வந்தது. வழக்கம்போல் நாலு ஏலக்காயை உள்ளங்கையில் நசுக்கி மோந்தான். ஒன்றுமே தெரியவில்லை. போன மாதம் வந்த கொரோனா, காய்ச்சலோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தான். போகும்போது மூக்கையும் கொண்டுபோயிருக்கிறது.

வெளியே சொல்ல முடியுமா? மதுரை மிட்டாய்க் கடைக்காரர் சரக்கைப் பார்க்காமலே வாங்குவது இந்த மூக்கை நம்பித்தான். காயின் நிறமும் பருமனும் கண்ணுக்குத் தெரியும். வாடை?

எதிர் நாற்காலியில் கம்பத்துக் குருசாமி இருந்தார். பழுத்த வியாபாரி. ஜாஸ்பர் அவர் முகத்தைப் படிக்க ஆரம்பித்தான். அவர் புருவத்தைத் தூக்கினால் ஏலம் கேட்டான். மூக்கைச் சுளித்தால் விட்டுவிட்டான். ஆனால் குருசாமியும் மோந்த கையோடு, கண்ணாடிக்கு மேலாக இவனையே பார்த்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லப்பா. நீ கேளு."

கண்டுபிடித்துவிட்டாரோ?

இரண்டு நாளில் மிட்டாய்க் கடைக்காரர் போன் செய்தார். "ஏலக்காய் கேட்டா அடுப்புக்கரி அனுப்பியிருக்க? ஒரே புகை வாடை!"

ஜாஸ்பருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குருசாமி வேண்டுமென்றே பொய் முகம் காட்டுகிறார்! அடுத்த ஏலத்தில் அவர் சுளித்ததை எல்லாம் இவன் வாங்கினான். குருசாமி திருதிருவென்று முழித்தார். மாட்டிக்கொண்டவனின் முழி என்று ஜாஸ்பர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

இந்த முறை பூஞ்சை வாடை. "இன்னொரு தடவை இப்படி வந்துச்சு, நான் வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று போனை வைத்துவிட்டார் மிட்டாய்க் கடைக்காரர்.

சோர்ந்துபோய் வீட்டுக்குள் நுழைந்தவன், "என்ன, இன்னைக்கும் சாம்பாரா?" என்றான்.

ஜாய்ஸ் கரண்டியோடு வெளியே வந்தாள். "தெருமுனை வரைக்கும் கருவாடு மணக்குது. வாசல்ல ரெண்டு பூனை காவலுக்கு நிக்கிது. உங்களுக்குச் சாம்பாரா? நேத்து கேஸ் கசிஞ்சப்பவும் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சீக. அப்பவே எனக்குச் சந்தேகம். கெளம்புங்க தேனிக்கு!"

தேனி டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "மாடி ஏறினா மூச்சு வாங்குதா? அசதி?"

"இருக்கு."

"கொரோனா போன பிறகும் சிலருக்கு மாசக்கணக்குல இப்படி இருக்கும். வாடை தெரியாது, இல்லன்னா மாறித் தெரியும். ரப்பர் காப்பி அதுதான். நெஞ்சையும் ஒரு தடவை சோதிச்சிருவோம். ஒரேயடியா வேலை செய்யாம, விட்டு விட்டுச் செய்யுங்க. கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் தைலம்... தெனம் காலையும் சாயங்காலமும் ஒவ்வொண்ணா மோந்து, அதோட பழைய மணத்தை நெனச்சுப் பாருங்க. நெறைய பேருக்கு மெதுவாத் திரும்பிரும். அதுவரைக்கும் கேஸையும் மீந்த சாப்பாட்டையும் வேற ஆள் மோந்து பாக்கட்டும்."

"ஏலக்காயை?"

"அதையும்தான்."

ஜாய்ஸ் தைலம் வாங்கப் போனாள். ஜாஸ்பர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

நர்ஸ் கதவைத் திறந்து, "கம்பம் குருசாமி!" என்று கூப்பிட்டாள்.

ஜாஸ்பர் பதறிப்போய், பெஞ்சில் கிடந்த பேப்பரை முகத்துக்கு நேராக விரித்தான். உளவு பார்க்க இங்கேயும் வந்துவிட்டாரா?

"எங்க வீட்டுக்காரருதாம்மா. டீ குடிக்கப் போனாக, இந்தா வந்துருவாக" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் குரல் கொடுத்துவிட்டு, இவன் பக்கம் திரும்பினாள். "போன வருசம் கொரோனா வந்ததுல இருந்து அவுகளுக்கு வாடையே தெரியல தம்பி."

"அப்ப யாவாரம்?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஈனக் குரலில் கேட்டான் ஜாஸ்பர்.

"அது நல்லாத்தான் ஓடுச்சு. எதிர்க்க ஜாஸ்பர்னு ஒருத்தரு உக்காருவாராம், அவரு மூஞ்சியப் பாத்தே இவுக வாங்கிருவாக. கொஞ்ச நாளா அந்த ஆளுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சாம்!"