வரிசைத் தீவின் கோபம்

வடகடலில் ஒரு தீவு இருந்தது. அங்கே மழை பெய்யும். பெய்யாத நாளில், எப்போது பெய்யுமோ என்று ஜனங்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒரு காலத்தில் பாதி உலகத்தைக் கட்டி ஆண்டோம் என்பது ஒன்று. வரிசையில் நிற்பதற்கு எங்களை விட்டால் ஆள் கிடையாது என்பது மற்றொன்று. முதல் பெருமை எப்போதோ கப்பலேறிப் போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டாவதை அவர்கள் உயிரைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தீவை ஆளுகிறவருக்குத் தலைமைச் சேவகர் என்று பெயர். சேவகம் பெயரோடு சரி. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஜனங்கள் வாக்குப் போட்டு ஒரு கட்சியை மண்டபத்துக்குள் அனுப்புவார்கள். உள்ளே போனவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்களில் ஒருவரைத் தலைமைச் சேவகர் ஆக்குவார்கள். பிடிக்கவில்லை என்றால் அவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றுவார்கள். அதற்கு ஜனங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. நீலத் தலைப்பாகைக் கட்சி ஆண்ட காலத்தில் இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்தார்கள். சந்தையில் வாங்கிய கீரைக்கட்டு வாடுவதற்குள் ஒருவர் வந்தும் போய்விட்டார். வெறுத்துப்போன ஜனங்கள் நீலத்தை விரட்டிவிட்டுச் சிவப்புத் தலைப்பாகையைக் கொண்டுவந்தார்கள். "இனி மாற்றமே கிடையாது, நிதானம்தான்" என்று சத்தியம் செய்து நாற்காலியில் உட்கார்ந்தார் நிதானமூர்த்தி.

நாற்காலியில் எவன் உட்கார்ந்தால் பூரணம் என்ற கூலிக்காரிக்கு என்ன என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது கொடுமை.

பூரணம் துறைமுகத்தில் மீன்கூடை சுமப்பவள். அவள் புருஷன் சடையன் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். அவன் கழுத்தில் ஒரு கட்டி புறப்பட்டது. அரசு அறுவை மனையின் மருத்துவர் ஆதிரை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னாள்: "இது மூச்சுக்குழாயை அழுத்துறதுக்கு முன்னாடி வெட்டி எடுத்துடணும்மா. எடுத்துட்டா பிழைச்சுக்குவாரு. விட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அறுவை மனையில் வைத்தியம் இலவசம். தீவுக்காரர்கள் அதைக் கோயிலைப் போலக் கும்பிடுவார்கள். கோயிலுக்குள் போவதற்குத்தான் வரிசை. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள். அதன் ஒரு பக்கம் அவருடைய இடம், மறுபக்கம் தலைமைச் சேவகரின் முகம். தலைமைச் சேவகர் மாறினால் பழைய முகம் போட்ட வில்லை செல்லாது. வரிசையைக் கலைத்துவிட்டுப் புது முகத்தோடு புது வில்லை அடித்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஏன் என்று கேட்டால், "புதிய ஆட்சியில் பழைய நோய்களுக்கு இடமில்லை" என்று பதில் வரும். நீலக் கட்சியின் காலத்தில் சடையன் அப்படியே தலையிலிருந்து வாலுக்குப் போனான். இன்னொரு முறையும் போனான். அவன் கழுத்துக் கட்டி மட்டும் எந்த ஆட்சி மாறினாலும் பழைய இடத்திலேயே இருந்து வளர்ந்தது.

இந்த முறை சடையன் வரிசையின் தலைமாட்டுக்கு வந்துவிட்டான். மீன் வண்டியில் படுத்துக் கிடந்தான். பேச்சு நின்று, மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிட்டிருந்தது. அப்போது பார்த்துத்தானா ஊர் மன்றத் தேர்தல் வர வேண்டும்? அதில் சிவப்புக்குச் செம அடி விழுந்தது. நிதானமூர்த்தியை இறக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது.

தீவே இரண்டுபட்டது. "தொலையட்டும் சனியன், அடுப்பெரிக்க வழியில்லாம பண்ணிட்டான்" என்றார்கள் சிலர். "மறுபடியுமா? இவனுங்களுக்கு நாம என்ன நாடகம் பார்க்க வந்தவங்களா?" என்றார்கள் சிலர். வரிசையில் பூரணத்துக்குப் பின்னால் நின்றவர் கோட்டைச்சாமி, செருப்புக் கடைக்காரர், முட்டி தேய்ந்து நடக்க முடியாதவர். நல்ல மனுஷன். தன் தேநீரில் பாதியைச் சடையனுக்கு ஊட்டிவிடுவார்.

"ஏன் தங்கச்சி, அந்த ஆளு போறது நல்லதுன்னு நினைக்கிறியா, கெட்டதுன்னு நினைக்கிறியா?" என்று கேட்டார்.

"அந்த ஆளு நாசமாப் போகட்டும்ணே. ஆனா எங்க வீட்டுக்காரரு உள்ள போன பிறகு போகட்டும்."

தன் வாயால் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று தன்னையே நொந்துகொண்டாள். வெறுக்கிற ஒருவனுக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்ள வைப்பதைவிட ஒரு அரசாங்கம் குடிமக்களுக்குச் செய்யக்கூடிய பெரிய அவமானம் வேறு என்ன இருக்கிறது?

மறுநாள் காலை வரிசைக் கண்காணிப்பாளர் இராஜகெம்பீரம் பெட்டி மேல் ஏறி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொதுமக்கள் கவனத்துக்கு. தலைமையில் மாற்றம் நிகழலாம், நிகழாமலும் போகலாம். எனவே தெளிவு பிறக்கும்வரை புதிய அறுவை எதுவும் தொடங்கப்படமாட்டாது. தொடங்கிய பின் தலைமை மாறினால், பாதி அறுவை யாருடைய சாதனை என்ற சட்டச் சிக்கல் எழும்."

"ஐயா, எங்க ஆளுக்கு மூச்சு திணறுது" என்றாள் பூரணம்.

"அரசும் அதே நிலையில்தான் இருக்கிறது, அம்மா" என்றார் அவர், உருக்கமாக.

அடுத்த நாள் இன்னொரு ஆணை. வதந்திதான் நாட்டைக் கெடுக்கிறது என்று மண்டபம் கண்டுபிடித்துவிட்டது. வரிசையில் நின்றுகொண்டு 'மாறுவாரா, மாட்டாரா' என்று பேசுகிறவர்கள் ஓர் இடம் பின்னால் போக வேண்டும். அன்று பொழுது சாய்வதற்குள் முன்னால் இருந்தவர்களில் பாதிப் பேர் பின்னால் போய்விட்டார்கள். பூரணம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். சடையனால்தான் பேசவே முடியாதே, அந்த ஒரு விஷயத்தில் அவன் அதிர்ஷ்டசாலி. இருவரும் வரிசையின் முதல் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அறுவை மனையின் வாசல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் பூட்டும் இல்லை, காவலாளும் இல்லை. வரிசையைத் தாண்டி ஒருவன் நுழைவான் என்று அந்தத் தீவில் யாரும் கற்பனை செய்ததே கிடையாது.

மூன்றாவது ஆணைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் மண்டபத்தாருக்குத் தூக்கம் வரவில்லையாம். ஆகவே ஒவ்வொருவரும் சந்தைத் திடலுக்குப் போய்த் தங்கள் உணர்ச்சியைப் பதிவு செய்ய வேண்டும். பதியாதவரின் வில்லை செல்லாது. திடலில் மூன்று சாளரங்கள் திறந்திருந்தன. ஒன்று கோபத்துக்கு, ஒன்று ஆறுதலுக்கு, ஒன்று 'தெரியாது' என்பதற்கு. மூன்றுக்கும் தனித்தனி வரிசை.

ஏற்கெனவே பதிந்துவிட்டு வந்திருந்த கோட்டைச்சாமியிடம் சடையனை ஒப்படைத்துவிட்டு, அவனுக்குப் பதிலாகப் பூரணம் கோப வரிசையில் போய் நின்றாள். மழை ஊற்றியது. அவளுக்கு முன்னால் நின்றவர்கள் குடையை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் மேல் சொட்டிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டபடி, கோபத்தைப் பதிவு செய்ய நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

சாளரத்துக்குள் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "கோபம் யார் மேல்?"

"உங்க எல்லார் மேலயும்தான்!"

"ஒருவர் பெயரைத்தான் சொல்லலாம்."

"உள்ள இருக்கிறவன் மேல கோபம், அவனை இறக்கப் பார்க்கிறவன் மேலயும் கோபம். அவனுங்க நாற்காலிச் சண்டையில எம்புருஷன் சாகப் போறாரு. இதை எந்தப் பேர்ல போடுவீங்க?"

அதிகாரி சற்று யோசித்தார். "முரண்பட்ட உணர்ச்சி. 'தெரியாது' சாளரத்துக்குப் போங்கள், அம்மா."

அவள் அந்தச் சாளரத்துக்கும் போனாள். வேறு என்ன செய்வது? வில்லை செல்லாமல் போய்விடுமே. இப்படித்தான் உச்சந்தலை வரை கொதித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயர் 'கருத்து இல்லாதவர்கள்' கணக்கில் ஏறியது.

அவள் திரும்பி வந்தபோது மண்டபத்திலிருந்து எக்காளம் முழங்கியது. நிதானமூர்த்தியை இறக்கியாயிற்று. புன்னகைவேந்தர் என்பவர் தலைமைச் சேவகர் ஆகிவிட்டார். அவர் மண்டப மாடத்தில் தோன்றிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உங்கள் கோபம் எனக்குக் கேட்டது. அதனால்தான் நான் வந்திருக்கிறேன்" என்றார்.

இராஜகெம்பீரம் பெட்டி மேல் ஏறினார். "பழைய வில்லைகள் செல்லாது. புது முகம் வார்க்கப்பட்டதும் வரிசை மீண்டும் தொடங்கும். இன்று உணர்ச்சி பதிந்த ஒழுங்கின்படி இடம் வழங்கப்படும். முதலில் ஆறுதல் அடைந்தோர், அடுத்து கோபமுற்றோர், கடைசியில் தெரியாதோர்."

பூரணம் வண்டியைப் பார்த்தாள். சடையனின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சு ஒவ்வொன்றும் விசில் போலக் கத்திக்கொண்டு வந்தது.

"போதும்டா உங்க வரிசை!" என்று கத்தினாள். வண்டியின் பிடியைப் பற்றி வாசலை நோக்கித் தள்ளினாள்.

கதவு தொட்டதும் திறந்துகொண்டது. உள்ளே மேசை காலியாக இருந்தது. கத்திகள் கொதிநீரில் போட்டுத் தயாராக இருந்தன. ஆதிரை கையைக் கழுவிவிட்டு, தெளிவு பிறப்பதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சடையனைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"கொண்டாங்க, கொண்டாங்க! தூக்கி மேசைல போடுங்க. இப்பவே பண்ணிடலாம். யாராவது ஒரு கை கொடுங்க!"

பூரணம் திரும்பிப் பார்த்தாள். கை கொடுக்க ஆள் வந்தது. ஒருவர் இருவர் இல்லை, வரிசை முழுவதும் வந்தது.

"ஏய், வரிசையைத் தாண்டுறா பாரு!"

"நாங்கெல்லாம் முட்டாளுங்களா மழையில நிக்கிறோம்?"

"இவளை மாதிரி ஆளுங்களாலதான் நாடே இப்படிக் கிடக்குது!"

எத்தனை தலைமைச் சேவகர்கள் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள்! அடுப்பில் தீ அணைந்தது, கூலி குறைந்தது, வரிசை ஊரைச் சுற்றி வளைந்தது. அப்போதெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஜனங்களுக்கு இவ்வளவு கோபம் எங்கே இருந்தது? மண்டபத்தின் கண்ணாடி ஒன்றைக்கூட உடைக்காத கைகள் பூரணத்தின் முடியைப் பிடித்து இழுத்தன. வண்டியின் பிடியை முதலில் பிடுங்கியது கோட்டைச்சாமிதான். தேய்ந்த முட்டியோடு அவர் எப்படி அவ்வளவு வேகமாக ஓடிவந்தாரோ தெரியவில்லை.

"அண்ணே, நீங்களா? ஐயோ, பாருங்கண்ணே அவரை! கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம் விடுங்கண்ணே!"

"எனக்கும் வலிக்குது தங்கச்சி. நான் நிக்கலையா?"

"விடுங்கய்யா, செத்துடுவாரு அந்த மனுஷன்!" என்று ஆதிரை கதறினாள். யார் காதிலும் விழவில்லை. வண்டியை வெளியே இழுத்து, வரிசையின் கடைக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் ஜனங்கள் கை தட்டினார்கள். மாடத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த புன்னகைவேந்தர் பக்கத்தில் இருந்தவரிடம், "மக்கள் கோபமாக இருக்கிறார்கள் என்றீர்களே, எனக்குப் பயமாகவே இருந்தது" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை, மழை விடுவதற்கு முன்பே, வரிசையின் வால்மாட்டில் சடையனின் மூச்சு நின்றது. பூரணம் அவன் மார்பில் அடித்துப் பார்த்தாள், வாயில் ஊதிப் பார்த்தாள். அவன் கண் திறக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்கள். இடத்தை விட்டு யாரும் நகரவில்லை.

இராஜகெம்பீரம் வந்தார், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், போனார். சற்று நேரத்தில் பெட்டி மேல் அவர் குரல் கேட்டது.

"மகிழ்ச்சியான அறிவிப்பு. மாண்புமிகு புன்னகைவேந்தர் பொறுப்பேற்ற முதல் நாளிலேயே அறுவை வரிசை குறையத் தொடங்கியிருக்கிறது."

கை தட்டல் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. பூரணம் வண்டியைத் திருப்பி, வரிசை ஓரமாகவே வீட்டைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கோட்டைச்சாமி நின்ற இடம் வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மனசுல வச்சுக்காத தங்கச்சி. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்குண்ணே" என்றாள் பூரணம். "நாளைக்கு நீங்க விழுவீங்க, அன்னைக்கும் அது அப்படியேதான் இருக்கும். பக்கத்துல நிக்கிறவன் உங்களைத் தூக்க மாட்டான். உங்க இடத்துல வந்து நிப்பான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வரிசை ஓர் அடி முன்னே நகர்ந்தது. இடைவெளி விழுந்துவிடுமே என்று அவரும் நகர்ந்துவிட்டார்.