வாசிக்க வைப்பவரின் சக்கரம்

உலகத்தில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். வாசிக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பாட்டுக்கு மீன் பிடிக்கிறார்கள், கார் கழுவுகிறார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதுதான் வாசிக்க வைப்பவர்.

இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தோளில் ஒரு துணிப்பை தொங்கும்; அதில் வாசிப்பின் மகிமை பற்றி ஒரு வரி அச்சடித்திருக்கும்; பைக்குள் தடிமனான ஒரு புத்தகம் இருக்கும்; அந்தப் புத்தகத்துக்குள் பக்கத்தைக் குறிக்கும் அட்டை ஒன்று இருக்கும்; அந்த அட்டை கிறிஸ்துமஸ் அன்று எந்தப் பக்கத்தில் இருந்ததோ, ஈஸ்டர் அன்றும் அதே பக்கத்தில் இருக்கும். "இப்ப என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரே நேரத்துல நாலஞ்சு ஓடிக்கிட்டிருக்கு" என்பார். எங்கே ஓடுகின்றன? யார் துரத்துகிறார்கள்? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் கிரேலி துறைமுகத்து ஆரம்பப் பள்ளியில் இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஒன்று இருந்தது. பெயர் கெர்ரின் ஸ்டாடர்ட். ஆறாம் வகுப்பு ஆசிரியை. நூலகப் பொறுப்பும் அவரிடமே. கெர்ரின் அம்மையாருக்குப் புத்தகங்களின் மேல் இருந்த காதலை அளவிட முடியாது. முன்னட்டையைத் தடவுவார். முகர்ந்து பார்ப்பார். பின்னட்டையைத் திருப்பி அங்கே உள்ள பத்து வரியை ஒரு முறைக்கு இரண்டு முறை படிப்பார். பிறகு கண்களை மூடி, "அடடா, என்ன ஒரு எழுத்து!" என்பார். அதோடு அந்தப் புத்தகம் முடிந்தது. மாதம் ஒரு முறை அவர் வீட்டில் கூடும் வாசகர் வட்டத்திலும் இதே கதைதான். ஆறு பெண்கள், நாலு புட்டி வைன், ஒரு பெரிய பாலாடைக்கட்டி. ஆறு பேரில் யார் அந்த நாவலைப் படித்திருக்கிறாரோ அவரை முதலில் பேசவிட்டு, அவர் சொன்னதையே மற்ற ஐந்து பேரும் வேறு வேறு குரலில் திருப்பிச் சொல்வார்கள். யாருமே படிக்காத மாதங்களில் மொழிபெயர்ப்பைக் குறை சொல்வார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த வருடம் ஒரு யோசனை உதித்தது. மாநிலத் தலைநகர் அடிலெய்டில் கல்வித் துறையில் வாசிப்பு ஆலோசகர் பதவி காலியாக இருந்தது. தனி அறை, தனிக் கார், முக்கியமாகப் பிள்ளைகளே கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார வேண்டுமானால் ஏதாவது புதுமையாகச் செய்து காட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பலவகை இலக்கியங்களை அறிமுகம் செய்யும் வாசிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார் கெர்ரின். நல்ல எண்ணம்தானே என்பீர்கள். நானும் மறுக்கவில்லை. சக்கரம் வந்த பிறகுதான் விபரீதம்.

சக்கரம் ஊர்க் காற்பந்துச் சங்கத்துடையது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மதுக்கடையில் அதைச் சுற்றி, முள் நிற்கிற கட்டத்தில் எழுதியிருக்கும் இறைச்சியைப் பரிசாகக் கொடுப்பார்கள். கெர்ரின் அதை இரவல் வாங்கி வந்து, ஆட்டுத் தொடை, மாட்டு விலா, கொத்துக்கறி சாசேஜ் என்று எழுதியிருந்த கட்டங்களின் மேல் வண்ணக் காகிதம் ஒட்டினார். மர்மக் கதை, சரித்திரக் கதை, கவிதை, அறிவியல் புனைவு, பேய்க்கதை, வாழ்க்கை வரலாறு, நாடகம், நாட்டுப்புறக் கதை. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி. பிள்ளைகள் வரிசையில் வந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டும். எது விழுகிறதோ அதுதான் அடுத்த இரண்டு வாரத்துக்கு வாசிப்பு. கையில் இருக்கிற புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்புப் பெட்டிக்குள் அந்த வகையைக் காட்டும் ஒரு காட்சியைச் செய்து வைக்க வேண்டும். மினுமினுப்புத் தூளுக்குத் தனி மதிப்பெண்.

ஒரு முறை ஒரு கட்டத்தின் காகிதம் பசை விட்டு உரிந்துபோனது. சக்கரத்தைச் சுற்றிய பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், எனக்கு ஆட்டுத் தொடை விழுந்திருக்கு. அது என்ன வகை?"

"அது சமையல் இலக்கியம்" என்றார் கெர்ரின், கண்ணைக்கூட இமைக்காமல்.

வாசிக்க வைப்பவரின் திறமையே இதுதான். எதைக் கேட்டாலும் ஒரு வகை வைத்திருப்பார்.

இந்த வகுப்பில் டின்கா பராக் என்று ஒரு பெண். அப்பா சூரை மீன் பிடிக்கும் படகில் வேலை. டின்காவும் படகுப் பெண்தான். தூண்டில் முள்ளைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாள், புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விடுவாள். அவளுக்கு மர்மக் கதை விழுந்தது. நூலகத்து மூலையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை வேண்டாவெறுப்பாக எடுத்துக்கொண்டு போனாள். 'உப்புத் தீவில் ஒரு கொலை.' கலங்கரை விளக்கத்தின் காவலாளி கிழவர் மன்ரோ குத்துப்பட்டுக் கிடக்கிறார், மழைக்கோட்டு போட்ட ஹெட்டி கார்பெட் என்ற பெண் துப்பறிகிறாள்.

அவ்வளவுதான், டின்காவைப் பிறகு பிடிக்க முடியவில்லை. பேருந்தில் படித்தாள், படகுத்துறையில் படித்தாள், சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் புத்தகமுமாகத் திரிந்தாள், கணக்கு வகுப்பில் மடியில் வைத்துப் படித்துக் கையும் களவுமாகப் பிடிபட்டாள். பன்னிரண்டு வயதுவரை ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படிக்காத பெண் ஒரு கதைக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டாள். எந்த ஆசிரியருக்கும் இதைவிடப் பெரிய பரிசு வேறென்ன வேண்டும்? கெர்ரின் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் டின்காவின் செருப்புப் பெட்டி காலியாக இருப்பதைக் கவனித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது.

"மிஸ், இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. திங்கக்கிழமை தந்துடறேன்."

"செல்லம், மர்மம் உனக்கு முடிஞ்சுபோச்சு. அடுத்தது சுத்து."

"எனக்கு முடியலையே மிஸ். யாரு கொன்னதுன்னே இன்னும் தெரியல."

"அந்த வகை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரிஞ்சுதா இல்லையா? அதுதான் முக்கியம். முடிவெல்லாம் ஒண்ணும் முக்கியமில்ல."

"கொலை பண்ணினவன் யாருங்கறது முக்கியமில்லையா?"

"டின்கா, எல்லாருக்கும் ஒரே விதிதான். கொடு இப்படி."

புத்தகம் கைமாறியது. டின்காவுக்குக் கவிதை விழுந்தது. அவளிடம் பிடுங்கிய மர்மக் கதையின் அட்டை நல்ல கடல் நீலம். காட்சிக்கு எடுத்து வைத்திருந்த மற்ற நீல அட்டைகளோடு பொருந்தி வந்தது. ஆகவே அதை நூலக வாசலில் இருந்த கண்ணாடி அலமாரியில், புத்தக வாரக் காட்சிக்காக நிமிர்த்தி வைத்தார் கெர்ரின். ஊரில் வேறு பிரதி கிடையாது, அச்சிலும் இல்லை. டின்கா தினமும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். அதைப் பார்த்த கெர்ரின், "பாருங்க, காட்சி எப்படிப் பிள்ளைகளை ஈர்க்குது!" என்று தலைமையாசிரியரிடம் பூரித்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு?

ஆகஸ்டில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தில், புத்தக வாரம். பிள்ளைகள் கதைமாந்தர் வேடத்தில் பள்ளி மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் வரும் நாள். எப்போதும்போல அம்மாக்களுக்கு முந்தின நாள்தான் வேடத்தின் ஞாபகம் வந்திருந்தது. எப்போதும்போலப் பையன்களில் பாதிப் பேர் காற்பந்துச் சட்டையோடு வந்து, வாழ்க்கை வரலாறு என்று சாதித்தார்கள். குளிர்காற்றில் சாசேஜ் சுடும் புகை. முன்வரிசையில், அடிலெய்டிலிருந்து வந்திருந்த கல்வித் துறை மேலதிகாரி மெரிடித் கல்லாஹன். பதவி அவர் கையில்தான். கெர்ரினுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என்ன வேடம் போடுவது? வீட்டில் ஏற்கெனவே ஒரு மழைக்கோட்டு இருந்தது. டார்ச் விளக்கும் இருந்தது. ஆகவே கெர்ரின் அம்மையார் துப்பறியும் ஹெட்டி கார்பெட்டாக வந்து ஒலிவாங்கியின் முன் நின்றார். புத்தகத்தைப் படித்தாரா? அட, நீங்கள் வேறு! பின்னட்டையில் மழைக்கோட்டு இருந்தது, போதாதா?

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வேடத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக டின்கா வந்தாள். அப்பாவின் மஞ்சள் நிற மீன்பிடி அங்கி தரையில் புரண்டது. மார்பில் தக்காளி சாஸ் அப்பியிருந்தது.

"கவிதை வகையில யாரு செல்லம் நீ?" என்றார் கெர்ரின் ஒலிபெருக்கியில்.

"கவிதை இல்ல மிஸ். நான் மன்ரோ. செத்துப்போனவர்." டின்கா அருகில் வந்தாள். "நீங்க ஹெட்டி கார்பெட்தானே? சொல்லுங்க. என்னை யாரு கொன்னது?"

மைதானம் கொல்லென்று சிரித்தது. மெரிடித் கைதட்டினார். "அருமையான கேள்வி!"

கெர்ரின் டார்ச்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பின்னட்டையின் கடைசி வரி ஞாபகத்துக்கு வந்து கைகொடுத்தது.

"அதை நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்!" என்று பாடினார். கூட்டம் மறுபடி தட்டியது.

"படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் பிடுங்கிட்டீங்க."

இந்த முறை யாரும் தட்டவில்லை. "சொல்லிடேம்மா கெர்ரின்" என்றார் சாசேஜ் திருப்பிக்கொண்டிருந்த ஒரு தகப்பன். "எனக்கும் தெரிஞ்சாகணும் போலிருக்கு." மெரிடித்தும் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். வாசிக்க வைப்பவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான். அது நேரில் வந்து, மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, சாஸ் சொட்டச் சொட்ட நின்றது. பின்னட்டையில் வேறு என்ன பெயர் இருந்தது? யாரோ ஒரு மீன்காரி. ஆமாம், ஐடா.

"ஐடா!" என்றார் கெர்ரின், டார்ச்சை உயர்த்தி. "மீன்காரி ஐடாதான் கொலைகாரி!"

டின்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, பரிதாபமாக.

"ஐடா நாலாவது அத்தியாயத்துலயே செத்துட்டா மிஸ்."

சிரித்தார்கள். ஊரே சிரித்தது. காற்பந்துச் சட்டைக்காரர்கள் தரையில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். கெர்ரின் முகத்தில் ஈயாடவில்லை. தலைமையாசிரியர் அவசரமாக இசையைப் போட்டார்.

அந்தச் சந்தடி அடங்கியபோது, கண்ணாடி அலமாரி திறந்து கிடந்தது. நீல அட்டைகளுக்கு நடுவே ஓர் ஓட்டை. தேடிப் போன கெர்ரின், பள்ளியின் பின்பக்கப் படிக்கட்டில் மஞ்சள் அங்கியைக் கண்டார். காதில் எதுவும் விழாமல், சாஸ் காய்ந்த கையால் ஒரு பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள் டின்கா. பிடுங்கத்தான் கெர்ரின் கையை நீட்டினார். அதற்குள் பின்னாலேயே மெரிடித் வந்துவிட்டார். டின்கா கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்து, மூடி வைத்துவிட்டு, கடலைப் பார்த்து நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்ப யாருதான் கொன்னது?" என்றார் மெரிடித், தாங்க முடியாமல்.

"யாரு கண்ணு?" என்றார் கெர்ரினும், மெதுவாக.

டின்கா எழுந்தாள். புத்தகத்தை ஆசிரியையின் கையில் வைத்தாள்.

"அதை நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கணும் மிஸ்."

அங்கியை இழுத்துக்கொண்டு நூலகத்தை நோக்கிப் போனாள், அதே மூலையில் இன்னொன்று இருக்கிறதா என்று பார்க்க. கெர்ரின் ஸ்டாடர்ட் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மெரிடித்தும் பார்த்தார். அப்புறம் இருவரும் தோளோடு தோள் உரசக் குனிந்து, அதைத் திருப்பி, பின்னட்டையைப் படித்தார்கள்.

கெர்ரினுக்குப் பதவி கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? கிடைக்காமல் போகுமா! மெரிடித்தும் அதே இனம்தானே. தன் இனத்தைத் தானே காப்பாற்றாவிட்டால் எப்படி? இப்போது எத்தனையோ பள்ளிகளில் புத்தம் புதுச் சக்கரங்கள் சுழல்கின்றன. பழையது காற்பந்துச் சங்கத்துக்குத் திரும்பிப் போனது, காகிதங்களைக்கூட உரிக்காமல். போன வெள்ளி ஒருவருக்கு அதில் வாழ்க்கை வரலாறு விழுந்து, சாசேஜ் கேட்டுச் சண்டை போட்டாராம்.

நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை என்று நீங்கள் நெஞ்சைத் தடவிக்கொள்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை மூலையில் சுருண்டு ஏதோ ஒரு புத்தகத்தில் மூழ்கியிருந்தபோது, "அதையே எத்தனை நாள் படிப்பே, வேற ஏதாவது உருப்படியா படி" என்று சொன்னவர் யார்? அப்போது உங்கள் கையில் இருந்தது புத்தகமா, தொலைபேசியா? சரி, அதுவும் வேண்டாம். இந்தக் கட்டுரையையாவது முதல் வரியிலிருந்து படித்தீர்களா, நேராக இந்தப் பத்திக்குத்தான் வந்தீர்களா? அப்படி வந்திருந்தால், மன்ரோவைக் கொன்றது யாரென்று சொல்லுங்கள் பார்க்கலாம்.