முழுத் தேர்ச்சி பெற்ற தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீயாவது நேரத்துக்குச் சாப்பிடு.

நீ அனுப்பிய தண்ணீர் சோதனைக் குப்பிகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது, அவரவர் தண்ணீரை அவரவரே சோதிக்கலாம் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கெட்ட தண்ணீர் என்றால் கருக்கும் என்றும் சொன்னேன். அங்கேதான் வந்தது வினை. குப்பி கருத்துவிட்டால் குடும்ப மானம் போய்விடுமாம். மாடி வீட்டு டீச்சர் காய்ச்சி, வடிகட்டி, மறுபடி காய்ச்சி ஊற்றினார். எதிர்வீட்டு வக்கீல் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். ஒரு குப்பிகூடக் கருக்கவில்லை. தெருவே முழுத் தேர்ச்சி! முடிவைக் குடிநீர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பாராட்டிப் பதில் வந்தது. கூடவே ஒரு வரி: இவ்வளவு நல்ல தண்ணீருக்கு, உங்கள் தெருவுக்கென்று ஒதுக்கிய சுத்திகரிப்பு இயந்திரம் தேவையில்லை, வேறு தெருவுக்குக் கொடுக்கிறோம். அதைப் படித்ததிலிருந்து கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

கீழ்வீட்டுத் தையற்காரரின் மகளுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு. குழாயில் வருவதை அப்படியே குடிக்கிற வீடு. அந்தக் குப்பி எப்படிக் கருக்காமல் போனது? ஓடிப்போய்க் கேட்டேன்.

"டீச்சர் வீட்ல ஒரு சொம்பு வாங்கி ஊத்திட்டேன் சார்."

"ஏங்க, உங்க தண்ணியத்தானே கேட்டேன்!"

"ஆராய்ச்சிக்குப் போறதாச்சே. நம்ம தண்ணியப் போயி எப்படி சார் குடுக்கறது? ஒரு மரியாத வேணாமா?"

உள்ளே குழந்தை முனகியது. இப்போது அவளுக்கு நம் வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீர் போகிறது. எத்தனை நாளைக்கு?

இயந்திரம் எந்தத் தெருவுக்கு என்று முடிவு செய்ய, வெள்ளிக்கிழமை குடிநீர் அலுவலகத்தில் கடைசிக் கூட்டம். அதற்குள் உண்மை போய்ச் சேர வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து பார்சல் போடும்படி உன் அம்மாவிடம் சொன்னேன். காலையிலேயே கிளம்பிவிட்டது. உன் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, நீயே அவர்களுக்கு எழுது. உன்னைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறேன்.

நோய் நொடியில்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: பார்சலைச் சோதிக்காதே. குடித்துவிடு. உன் அம்மா இப்போதுதான் சொல்கிறாள், "பொண்ணுக்குப் போற தண்ணி, காய்ச்சாம எப்படிங்க அனுப்பறது?" நீயே கிளம்பி வா. வருவதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே, தெரு முழுக்க அடுப்பில் தண்ணீர் ஏறிவிடும்.